வாசற்படிக்கு முன்னால் ஒரு கல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் நேபாளம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன மாதம் நானும் மனைவியும் காத்மாண்டு போனோம். அங்கே நெடுங்காலமாக வாழும் நேவார் மக்களின் கிராமங்களையும் கோயில்களையும் பார்க்க ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். சாங்கு நாராயண், பக்தபூர், பனௌதி, கோகனா, புங்கமதி என்று ஐந்து ஊர். வழிகாட்டி நல்ல மனிதர். ஆனால் எதைக் காட்டினாலும் "ஆயிரம் வருஷம்" என்றார். மூன்றாவது ஊரிலேயே எல்லாக் கோயிலும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று. கோகனாவில் கோயிலுக்கு நேர் எதிரே தெருவை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். புங்கமதியில் பழைய மண்டபத்தில் துணி தொங்கியது. இவ்வளவு பழைய சின்னங்களைப் பேணத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. நாங்கள் எதைப் பார்க்கத் தவறினோம்? மறுபடி போனால் எப்படிப் போக வேண்டும்?

ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

ஐந்து ஊரை ஒரே நாளில் முடித்த உங்கள் கால்களுக்கு ஒரு கும்பிடு. கேலி செய்யவில்லை. முதல் தடவை நானும் இப்படித்தான் கிளம்பினேன். பனௌதி போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இந்த்ரேஷ்வர் கோயில் 1294இல் முதலில் எழுந்தது, கூரையைத் தாங்கும் சாய்வுக்கட்டைகளில் இருக்கும் மரச்சிற்பங்களுக்காகவே பார்க்க வேண்டியது. நான் பார்த்தது செல்போன் வெளிச்சத்தில் ஒரு தேவதையின் முழங்காலை.

எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்ததில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. அடுக்குக் கூரை, சிவப்புச் செங்கல், கறுத்த மரம். வெளியூர்க்காரர் ஒருவரை ஒரே பகலில் கும்பகோணத்தில் ஐந்து கோயிலுக்கு இழுத்துப் போனால் அவரும் இதையேதான் சொல்வார். சாங்கு நாராயணில் ஒரு கருடன் இரு கை கூப்பி மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார், நினைவிருக்கிறதா? அதன் பக்கத்துத் தூணில் கி.பி. 464இல் மானதேவன் என்ற லிச்சவி வம்சத்து அரசன் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அப்பா தர்மதேவன் திடீரென்று இறந்துபோகிறார். அம்மா ராஜ்யவதி உடன்கட்டை ஏறப் புறப்படுகிறாள். மகன் அழுது கெஞ்சித் தடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அவனுடைய படையெடுப்பு வருகிறது. அரசர்களின் கல்வெட்டில் இப்படி ஒரு வீட்டுக் காட்சி கிடைப்பது அபூர்வம். அந்தத் தூணுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுக்கலாம். "ஆயிரம் வருஷம்" என்று சொன்னவர் இங்கே ஐந்நூறு வருஷத்தைக் குறைத்துவிட்டார், பாவம்.

சரி, நெல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

புங்கமதியில் ஒரு சந்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசற்சட்டத்தின் வேலைப்பாட்டைப் படம் எடுக்க இரண்டடி பின்னால் நகர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து என் முட்டிக்குக் கீழே பிடித்துக் காலை நகர்த்தி வைத்தார். அப்போதுதான் கீழே பார்த்தேன். தரையோடு தரையாகப் பதித்த ஒரு கல். மேலே கொஞ்சம் குங்குமம், இரண்டு அரிசி, வாடிய செவ்வந்தி இதழ். நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பெயர் பிகாலகு. நேவார் வீடுகளில் வாசற்படிக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டின் எல்லை முடிகிற இடத்தில் பதிப்பார்கள். வீட்டைக் காக்கும் சாமி, குமாரன் என்பார்கள். காலையில் பெண்கள் அந்த இடத்தைத் துடைத்துப் பூ வைத்த பிறகுதான் வேறு வேலை. நம் வாசலில் கோலம் விழுகிற அதே இடம். அன்று வந்த வழியெல்லாம் எத்தனை கல்லை மிதித்தேனோ தெரியாது. வழிகாட்டி அண்ணாந்து பார்க்கச் சொன்னார், நானும் கூரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நீங்கள் துணி தொங்கியதாகச் சொல்லும் "மண்டபம்" ஃபல்ச்சா. தெருமுனையிலோ கோயில் எதிரிலோ ஒருபக்கம் திறந்த மேடை, மரத்தூண், ஓட்டுக்கூரை. ஊர்ப் பொதுத் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கிழவர்கள் வெயில் காய்வார்கள், சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து மத்தளமும் தாளமுமாக தாஃபா என்ற பஜனைப் பாட்டு பாடுவார்கள். ஈரத்துணியும் காயும். கட்டியவர்கள் இதற்குத்தான் கட்டினார்கள். ஹிட்டி என்கிற பள்ளத்துத் தண்ணீர்த்துறையும் அப்படியே. காத்மாண்டுவை ஒட்டிய பாட்டன் நகரில் உள்ள மங்க ஹிட்டி 570ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைச் சின்னம் என்று வேலி போட்டால் குடத்தோடு வருகிற பெண் எங்கே போவாள்?

கோகனாவின் அகலத் தெருவில், மூன்றடுக்கு ருத்ராயணி கோயிலுக்கு முன்னால், ஐப்பசியில் நெல் காயாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். அந்த நெல் வருகிற வயல் வழியாகத்தான் காத்மாண்டு–தராய் விரைவுச்சாலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள் (தராய் என்பது தெற்குச் சமவெளி). நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று 2020இல் அந்த ஊர்க்காரர்கள் எதிர்ப்பாக நாற்று நடப் போய் போலீசோடு மோதல் ஆனது. கோகனாவும் அதன் கடுகெண்ணெய்த் தொழிலும் 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ஒரு பக்கம், புல்டோசர் ஒரு பக்கம். எண்ணெய் ஆலையைக் காட்டினார்களா? நம் செக்கு மாதிரி சுற்றாது. அரைத்து ஆவியில் வேகவைத்த கடுகை இரண்டு பெரிய மரத்தடிகளுக்கு நடுவே வைத்து நெருக்கிப் பிழியும் முறை. இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். கண்ணைக் கரிக்கும் அந்த வாசனை மட்டும் போகவில்லை.

திருவிழாச் செலவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? குத்தி என்ற அமைப்பு. குடும்பங்கள் சேர்ந்த சங்கம், அதற்கென்று எழுதி வைத்த நிலம். அந்த வருமானத்தில் விளக்கு, பூஜை, தேர், சாவுக்காரியம்கூட நடக்கும். 2019இல் அரசாங்கம் இதைத் தன் கைக்குக் கொண்டுவர ஒரு மசோதா கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான பேர் காத்மாண்டுத் தெருவில் இறங்கினார்கள், மசோதா திரும்பப் போனது. பேணத் தெரியாதவர்கள் இதற்காகத் தெருவில் இறங்குவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

புங்கமதியின் சாமி நமக்குத் தூரத்து உறவு. செம்மேனி மச்சீந்திரநாதர். பௌத்தர்களுக்கு அவரே அவலோகிதேஸ்வரர், ஊர்க்காரர்களுக்கு வெறும் புங்க த்யோ, புங்கமதியின் சாமி. கதை இது: கோரக்நாதர் நாகங்களை அடக்கி அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டதால் பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. அவரை எழுப்ப ஒரே வழி, குரு மச்சீந்திரரை வரவழைப்பது. குரு வந்தால் சீடன் எழுந்து நிற்கத்தானே வேண்டும்? எழுந்தார், மழை கொட்டியது. இந்தக் குருவும் சீடனும்தான் நம் சித்தர் வரிசையில் மச்சமுனி, கோரக்கர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வடக்குப் பொய்கைநல்லூரில் கோரக்கர் சமாதிக்குப் போயிருப்பீர்கள். மச்சீந்திரநாதர் ஆறு மாதம் புங்கமதியில், ஆறு மாதம் பாட்டனில் இருப்பார். புங்கமதிக் கோயில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் தரைமட்டமானது.

மறுபடி போனால், ஐந்தில் மூன்றை வெட்டிவிடுங்கள். கோகனா, புங்கமதி இரண்டு போதும். நடுவே நடக்கிற தூரம்தான், வழியில் கார்ய விநாயக் கோயில். பிள்ளையார் அங்கே செதுக்காத கல்லாக இருக்கிறார். சனிக்கிழமை போனால் கூட்டம் இருக்கும், இருக்கட்டும். பெரிய கம்பெனி வழிகாட்டியைவிட அந்தந்த ஊரில் பிறந்த ஒருவரைக் கேட்டுப் பிடியுங்கள், அவர் சாமிக்கு முன்னால் தன் சித்தி வீட்டைக் காட்டுவார். நேவார் மொழியில் வணக்கம் சொல்ல "ஜ்வஜலபா" என்று கை கூப்பினால் முகம் மலரும். மதியம் ஏதாவது ஒரு கடையில் வோ கேளுங்கள். உளுந்தை ஊறவைத்துத் தோல் கழுவி அரைத்துக் கல்லில் தட்டிப்போடுவது. ஓட்டை இல்லாத மெதுவடை என்று என் மனைவி சொன்னாள். முட்டை, கறி போட்டும் வரும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது போவது என்று யோசித்தால் 2027 நல்ல வருஷம். மற்ற வருஷங்களில் மச்சீந்திரநாதர் தேர் பாட்டனில் கிளம்பும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புங்கமதியிலேயே கட்டி அங்கிருந்து இழுப்பார்கள். ஆணி இல்லாமல் பிரம்பால் கட்டிய, ஏறத்தாழ 60 அடித் தேர். போன முறை, 2015இல், தேர் வழியில் இருக்கும்போதுதான் நிலம் ஆடியது. சித்திரை, வைகாசி வாக்கில் கிளம்பும். பாட்டனில் அறைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். புங்கமதி சந்துக்குள் நுழைந்ததும் கீழே பார்த்து நடங்கள்.