முன்னாள் விளையாட்டு வீரரைப் பார்த்துக்கிற மனைவிக்குக் கோவம் வர்றது தப்பா?

உங்க வீட்டுக்காரர் வாலிபால் ஆடினவர், இப்ப முதுகும் போயி மனசும் போயி உக்காந்திருக்காரு, அவர்மேல எரிச்சல் எரிச்சலா வருது, ராத்திரி அழுகை வருது, நான் கெட்டவளான்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு தர்மபுரி, எனக்கு காவேரிப்பட்டணம், ஒரே காத்துதான். எங்க வூட்டுக்காரர் கபடி. கெட்டவ இல்லைங்க நீங்க. ஆனா அதை மட்டும் சொல்லிட்டுப் போனா உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, அதனால என் கதையையே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நான் கட்டிட்டு வந்தப்ப அவர் ரைடர் (எதிரணி பக்கம் பாடிட்டுப் போறவர்), ஒரு கம்பெனி டீம்ல சம்பளத்துக்கு ஆடிட்டிருந்தாரு. லீவுல ஊருக்கு வந்தா இந்தப் பக்கம் எங்க மின்னொளி கபடி நடந்தாலும் ஆளு வந்து வண்டில கூட்டிட்டுப் போயிருவாங்க, விடிகாலைல கோப்பையோட, ஒடம்பெல்லாம் செம்மண்ணோட வருவாரு, நான் வெந்நி வெச்சி ஒத்தடம் குடுப்பேன். அதெல்லாம் பாரமாவே தெரியல அப்ப. முட்டி லிகமென்ட் ரெண்டு தடவ போச்சு, ஒரு தடவதான் ஆபரேஷன், ரெண்டாவது தடவ எண்ணெய்க்கட்டு கட்டியே ஆடுனாரு. புரோ கபடி 2014ல தான் வந்துச்சு, டிவில பசங்க ஏலத்துல லட்சம் லட்சமா போறதப் பாத்தப்ப இவர் ஏற்கனவே சுவத்தப் புடிச்சிட்டு மாடிப்படி ஏறிட்டிருந்தாரு. அத பத்தி ஒரு வார்த்த பேசல, எந்திரிச்சு போய் டிவிய ஆஃப் பண்ணாரு அவ்ளோதான்.

ஆட்டம் நின்னதும் ஒடம்பு மட்டும் நிக்கலைங்க, நாள் முழுக்க ஒரு கணக்குல ஓடின மனுசனுக்கு திடீர்னு காலைல எந்திரிக்கறதுக்கே காரணம் இல்லாமப் போச்சு. சாப்பாடு மட்டும் பழைய அளவு, கேப்பக்களி ரெண்டு உருண்டைக்கு கொறையாது. எடை ஏறுச்சு, சுகர் வந்துச்சு, வலி மாத்திரைய மிட்டாய் மாதிரி மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிட்டாரு (இத மட்டும் உங்க வூட்ல விட்ராதீங்க, கிட்னிய கெடுத்துரும்). அப்புறம் மறதி. அப்புறம் கோவம்.

எனக்கு எது தாங்கலன்னா இதுதான். போன வருசம் பாலக்கோட்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துல ஒருத்தர் ஓடிவந்து இவரக் கட்டிப்புடிச்சி, "அண்ணே, அந்த கடைசி ரைடுல மூணு பேர இழுத்துட்டு கோட்டத் தொட்டீங்களே"ன்னாரு. இவர் முகத்த பாக்கணும் நீங்க. அந்த ரைட மூச்சு விடாம சொல்றாரு, எவன் கார்னர்ல நின்னான், எவன் கணுக்கால புடிச்சான்னு ஒண்ணு விடல. சுத்தி பத்து பேரு நின்னு கேக்கறாங்க. வீட்டுக்கு வந்தோம். "சாப்டமா"ன்னாரு, சாப்டுட்டுதான மாமா வந்தோம்னேன். திரும்பக் கேட்டாரு, சொன்னேன். மூணாவது தடவ என் குரல் கொஞ்சம் ஏறிருச்சு, டம்ளர் பறந்து வந்து செவத்துல அடிச்சுது. ஊருக்கு அந்த ரைடு, எனக்கு இந்த டம்ளர். இதப் போயி யாருகிட்ட சொல்றது? எங்க அத்தைகிட்ட சொன்னா "எம்புள்ள அப்படியா?"ங்கறாங்க, அவங்க கண்ணுல இன்னும் கோப்பையோட வர்ற பையன்தான்.

எம்பொண்ணு பிசியோதெரபி படிக்கிறா, அவதான் போன்ல ஒரு அம்மாவப் பத்திக் காட்டுனா. சில்வியா மேக்கீ, அமெரிக்கா. அவங்க வீட்டுக்காரர் ஜான் மேக்கீ அந்த ஊரு ஃபுட்பால்ல பெரிய ஆளு, 88ம் நம்பர் சட்ட. பின்னாடி டிமென்ஷியா, அதான் மறதி நோய், வந்துருச்சு. ஏர்போர்ட் செக்கிங்ல, ஆட்டத்துல ஜெயிச்சதுக்குக் குடுத்த மோதிரத்தக் கழட்டச் சொன்னதுக்கு மாட்டேன்னு மல்லுக்கு நின்னு, ஆளுங்க புடிச்சி கீழ தள்ளுற அளவுக்குப் போயிருச்சாம். அந்தம்மா ஐம்பது வயசுக்கு மேல இன்சூரன்சுக்காக திரும்ப விமானப் பணிப்பெண்ணா வேலைக்குப் போனாங்க. அந்த ஃபுட்பால நடத்துற என்எஃப்எல் லீக் தலைவருக்கே லெட்டர் போட்டாங்க, இது பாத்துக்கிறவங்களையும் கொல்ற நோய்னு. அதுக்கப்புறம்தான் 2007ல அந்த லீக்கு, டிமென்ஷியா வந்த முன்னாள் ஆட்டக்காரங்கள பராமரிக்க வருசத்துக்கு 88,000 டாலர் வரைக்கும் குடுக்கற திட்டம் கொண்டாந்துச்சு, அவர் சட்ட நம்பரையே பேரா வெச்சு. படிச்சிட்டு பொறாமையாத்தான் இருந்துச்சு, நான் யாருக்குங்க லெட்டர் போடறது.

இதோட சேத்து இன்னொண்ணும் வரும் உங்க கண்ணுக்கு, சிடிஇன்னு ஒரு மூள வியாதி, தலைல திரும்பத் திரும்ப அடி வாங்குறதால வர்றது. பாஸ்டன்ல 2017ல 111 முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரங்க மூளையப் பாத்ததுல 110ல இருந்துச்சுன்னு போட்டிருப்பாங்க. அதப் படிச்சு ஒரு வாரம் தூங்கல நானு. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த மூளையெல்லாம் ஏற்கனவே சந்தேகப்பட்ட குடும்பங்க நெறைய தானமா குடுத்தது, அத வெச்சு எல்லாருக்கும் வரும்னு கணக்குப் போட முடியாது, செத்தப்புறம் மூளைய பாத்துதான் உறுதியாவும் சொல்ல முடியும். அதனால யூடியூப் பாத்து நீங்களே பேர் வெச்சிராதீங்க.

இங்க பக்கத்துல ஒரு டாக்டர் "வயசானா அப்படித்தாம்மா"ன்னு அனுப்பிட்டாரு. நாப்பத்தொம்பது ஒரு வயசாங்க? பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போனோம், பஸ்ல ரெண்டு மணி நேரந்தான். ரத்தம் எடுத்தாங்க, பி12 வைட்டமின் ரொம்ப கம்மி, தூக்கம் சுத்தமா இல்ல, மனச்சோர்வு வேற. இதெல்லாமே மறதியக் கொண்டாரும், இதெல்லாத்துக்கும் மருந்தும் இருக்கு. முழுசா சரியாயிட்டாருன்னு சொல்லமாட்டேன், டம்ளர் பறக்கறது நின்னுருக்கு. வாலிபால்னாலும் தைராய்டு, பி12, சுகர் மூணும் மொதல்ல பாத்துருங்க.

அங்க ஒரு சோஷியல் வொர்க்கர் பொண்ணு இவர வெளிய உக்கார வெச்சிட்டு எங்கிட்ட ஒரு தாளக் குடுத்துச்சு. ஸாரிட்னு பேராம், பாத்துக்கிறவங்க பாரத்த அளக்கறது, 22 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலருந்து நாலு வரைக்கும். உங்களுக்குன்னு நேரம் இல்லன்னு தோணுதா, அவர் நடந்துக்கறதப் பாத்து கூச்சமா இருக்கா, அவர்கூட இருக்கப்ப கோவம் வருதா. கோவம் வருதாங்கறது தாள்லயே அச்சடிச்சிருக்குங்க! அப்படின்னா எனக்கு முன்னாடி எத்தன பேருக்கு வந்திருக்கணும். மொத்தம் 88க்கு எனக்கு 51. (88, அந்த மேக்கீ சட்ட நம்பர்தான், வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது.) "உங்களுக்கும் பிரஷர் பாக்கணும்க்கா"ன்னுச்சு அந்தப் பொண்ணு, பாத்தா 160. இத்தன வருசத்துல என் கைல பட்டி கட்டுனதே அன்னிக்குத்தான்.

அதுலருந்து ரெண்டே மாத்தம் பண்ணேன். கொழுந்தனார கூப்ட்டு ஒரு ராத்திரி தங்க வெச்சேன், வாயால சொன்னா நம்பமாட்டாங்க, கண்ணால பாக்கட்டும்னு. காலைல அவரே "அண்ணி, ஞாயித்துக்கெழம நான் வர்றேன்"னாரு. ரெண்டாவது, ரொம்ப முடியாத அன்னிக்கு 14416க்கு போன் போடறேன், கவர்மென்ட்டோட டெலி மானஸ், மனசு சரியில்லாதவங்க பேசறதுக்கான நம்பர், காசு இல்ல, தமிழ்ல பேசறாங்க. மொத தடவ ஒண்ணும் பேசல, அழுதேன், அந்தப் பக்கம் காத்திட்டிருந்தாங்க.

உங்க வூட்ல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னு கடைசி வரில போட்டிருக்கீங்க. மொதல்ல யாராவது ஒரு ஆள உள்ள விடுங்க, நாத்தனாரோ உங்க அண்ணனோ, எவங்க சண்ட போடாமக் கேப்பாங்களோ அவங்கள. கல்யாண ஆல்பம், மெடல் எல்லாம் எடுத்து வெச்சிட்டு ஆரம்பிக்காதீங்க, மாத்திர சீட்டக் காட்டி ஆரம்பிங்க.

நான் இப்ப ஞாயித்துக்கெழம எங்க அக்கா வூட்டுக்குப் போறேன், பாலக்கோடு. ஒண்ணும் பண்றதில்ல, மாங்காவ வெட்டி உப்பு மொளகாப்பொடி தொட்டுக்கிட்டு மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கறேன். சாயங்காலம் திரும்பி வந்தா வாசல்ல உக்காந்திருப்பாரு, "எங்க போயிட்ட"ன்னு கேப்பாரு. சொல்லுவேன். அஞ்சு நிமிசம் கழிச்சு திரும்பக் கேப்பாரு. ஞாயித்துக்கெழம மட்டும் மூணு தடவ கேட்டாலும் கோவம் வர்றதில்லைங்க.