உச்சியிலிருந்து காயும் ஓக்: உரம் போடலாமா?

உங்கள் காட்டு ஓக் மரங்கள் மூன்று ஆண்டாக உச்சியிலிருந்து காய்ந்துவருகின்றன, உரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். மூன்று ஆண்டாக நுனி காய்ந்துவரும் மரத்துக்கு நைட்ரஜன் கொடுத்தால் இலைதான் கூடும். அதற்குத் தண்ணீர் ஏற்ற வேர் இருக்காது.

நுனிக்கிளை பட்டுப்போய், தண்டில் கொத்துக்கொத்தாகத் துளிர் வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் வறட்சியிலோ புழுக்கள் இலையை மொட்டையடித்ததிலோ வேரின் மாவுச்சத்துச் சேமிப்பு தீர்ந்து, பிறகு வேரை அழுகச்செய்யும் ஆர்மில்லேரியா பூஞ்சை ஏறியிருக்கும்.

அடிமரத்தில், மண்ணை ஒட்டி, உள்ளங்கையளவு பட்டையைப் பெயர்த்துப் பாருங்கள். விசிறிபோல வெள்ளைப் படலமும் காளான் வாசனையும் இருந்தால் அதுதான். ஷூ லேஸ் மாதிரி கறுப்பு இழைகளும் தென்படலாம். பட்டையில் ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் சுமார் 3 மி.மீ. துளைகள் இருந்தால் துளைப்பான் வண்டும் வந்துவிட்டது. அது பெரும்பாலும் நலிந்த மரத்தைத் தேடி வருவது; காட்டில் மருந்தடிப்பது வீண்செலவு.

பாதிக்கு மேல் கிளை காய்ந்தவை தேறுவது அரிது. அவற்றை எடுக்கலாம். ஆனால் நல்ல மரங்களுக்கு இடம்விட்டு மற்ற மரங்களைக் களைவதை, வறட்சி முடிந்து இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் செய்யுங்கள். ஈரமண்ணில் கனரக வண்டி ஓட்டினால் மிச்ச வேரும் நசுங்கும்.

ஒன்று மட்டும்: வட அமெரிக்காவில், கோடையில் சில வாரங்களிலேயே இலை பழுத்து மொத்தமாக உதிர்ந்தால், அது பூஞ்சையால் பரவும் ஓக் வாடல் நோயாக இருக்கலாம். அப்போது வெட்டாமல், விறகை நகர்த்தாமல், முதலில் கிளைத்துண்டை ஆய்வகத்தில் கொடுங்கள்.