பத்தாவது ஆட்டத்துக்கு முன்னால்

கேள்வி: அணியைப் புதிதாகக் கட்டிவரும் எங்கள் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி, 18 வயது வீரரை 9 ஆட்டங்களோடு ஜூனியர் லீக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டதே, ஏன்?

பதில்: 10-வது ஆட்டத்தில் இறங்கினால் அவருடைய 3 ஆண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் ஓராண்டு கழிந்துவிடும். அதற்கு முன் அனுப்பினால் ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். ஆனால் அதைவிடப் பெரிது ஆடும் நேரம். குறைவாகவே களமிறங்கும் நான்காம் வரிசையில் 8 நிமிடம் ஓடி, பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) பலகையோரம் தட்டிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புபவர் என்ன கற்பார், பாவம்! ஜூனியரில் 20 நிமிடம் ஆடலாம், பவர் பிளேயும் (எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரம்) கிடைக்கும். தடுப்பாட்டக்காரர் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். எதிராளிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கணித்துப் பின்னோக்கிச் சறுக்குவது மெதுவாகத்தான் கைவரும். கோல் கணக்கை விடுங்கள். பக்கைக் கட்டுக்குள் வைத்தபடி எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டுகிறாரா, அதைக் கவனியுங்கள்.