மூன்றாவது பருவமா, ஹியூஸ்டனில் வீடா?

கேள்வி: நாங்கள் ஹியூஸ்டனில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். மருந்தாளுநராகப் பணிபுரியும் எங்கள் மகளுக்கும், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்றில் ஃபுல்பேக்காக (பந்தோடு ஓடுபவருக்கு முன்னே சென்று வழி திறந்துவிடுபவராக) ஆடும் அமெரிக்க இளைஞருக்கும் அடுத்த ஆண்டு திருமணம். அவருக்கு வயது 25. முதல் ஆண்டு பயிற்சிக் குழுவிலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் முதன்மைக் குழுவில் குறைந்தபட்சச் சம்பளத்திலும் இருந்தார். முழங்காலில் காயம் ஏற்பட்டதால், அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் 6 லட்சம் டாலர் சேமிப்பு உள்ளது. ஆட்டத்தை விட்டுவிட்டு, முன்னாள் ஃபுல்பேக் அலோன்சோ ஹைஸ்மித்தைப் போல அணி நிர்வாகத்தில் நுழைந்து மேலே வந்துவிடலாம் என்கிறார். இப்போது ஐந்தரை லட்சம் டாலருக்கு ஒரு வீட்டைக் கடனில்லாமல் வாங்கிவிட நினைக்கிறார்கள். இது சரியா?

பதில்: வணக்கம் அம்மா. கடனில்லாத வீடு என்றதும் நம்மவர் மனம் குளிர்ந்துவிடும் என்பதை அறிவேன். இருந்தும், அந்த வீட்டை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை உங்கள் வருங்கால மருமகன் காட்டும் அதே ஹைஸ்மித்தின் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன்.

மயாமி பல்கலைக்கழக அணியில் ஆடிய ஹைஸ்மித்தை 1987ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது அப்போது உங்கள் ஊரில் இருந்த ஹியூஸ்டன் ஆயிலர்ஸ். ஃபுல்பேக் ஒருவரை அவ்வளவு உயரத்தில் ஓர் அணி எடுப்பதை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது; பல அணிகள் அந்த இடத்துக்கென ஓர் ஆளைக்கூட வைத்துக்கொள்வதில்லை. அவ்வளவு மதிப்போடு வந்தவரையும் முழங்கால் விட்டுவைக்கவில்லை. டல்லஸ், டாம்பா பே என்று அணி மாறி, 1992இல் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அதன்பின் குத்துச்சண்டை வளையத்தில் இறங்கி 27 வெற்றிகளைப் பெற்றார். கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஸ்கவுட்டாக, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து மதிப்பிட்டு அறிக்கை எழுதுபவராக, அவர் சேர்ந்தது 1999இல். மூத்த நிர்வாகப் பொறுப்பு 2012இல்தான் கிடைத்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் துணைத் தலைவர் பதவி கிடைத்தபோது ஆண்டு 2018. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. கடைசி ஆட்டத்துக்கும் ஸ்கவுட் வேலைக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த வேலைக்கும் துணைத் தலைவர் பதவிக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். அவருடைய தந்தை வால்ட்டர் ஹைஸ்மித்தும் இதே என்எஃப்எல் அணிகளில் ஆடியவர், பின்னர் பயிற்சியாளராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கால்பந்துக் குடும்பத்தில் பிறந்து, டிராஃப்டில் மூன்றாவது ஆளாக வந்தவருக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

இதைவிட நல்ல முன்னுதாரணம் வேண்டுமானால் பால் 'டேங்க்' யங்கரைச் சொல்லலாம். கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து வந்த அவரை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை; 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் தனியாக ஒப்பந்தமாகி, 1951இல் பட்டம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். 1958இல் பிட்ஸ்பர்க்கில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, ராம்ஸுக்கே ஸ்கவுட்டாகத் திரும்பினார். 1975இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் உதவிப் பொது மேலாளரானார். என்எஃப்எல்லில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. இடைவெளியின்றி வேலை கிடைத்தும், மேலே வர அவருக்கும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

மேலே வந்த பிறகும் இருக்கை நிலையாக இருப்பதில்லை. பிரவுன்ஸ் அணியின் பொது மேலாளர் ஜான் டார்சி 2019ஆம் ஆண்டின் கடைசி நாளில் விலக, அவர் அழைத்து வந்த ஹைஸ்மித்தின் பதவியும் 2020இல் போயிற்று. பிறகு சியாட்டில், 2022இல் மயாமி பல்கலைக்கழகம், 2024இல் நியூ இங்கிலாந்து என்று அவர் இடம் மாறியிருக்கிறார். கொண்டுவந்தவர் போனால் வந்தவரும் போவார் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஹியூஸ்டனில் கையிருப்பை முழுவதும் சுவரில் பூசிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கிளீவ்லாந்திலோ சியாட்டிலிலோ ஒரு சிறிய வேலை வந்தால் அதை ஏற்பது கடினமாகிவிடும். அதே நேரத்தில், தொடக்க நிலை ஸ்கவுட் ஒருவரின் சம்பளம் அவர் ஆட்டக்காரராக வாங்கியதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். ஆகவே அவருடைய 6 லட்சம் டாலரை வீட்டுக்கான பணமாகப் பார்க்காமல், அந்தச் சிறிய சம்பளத்தில் தாக்குப்பிடிக்க உதவும் காலத்துக்கான பணமாகப் பாருங்கள்.

இனி, உங்கள் கடிதத்திலேயே மிகவும் விலை உயர்ந்த செய்திக்கு வருகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆண்டு அவர் பயிற்சிக் குழுவில் இருந்தார் என்கிறீர்கள். பயிற்சிக் குழுவில் கழித்த ஆண்டு ஓய்வூதிய உரிமை பெறுவதற்கான கணக்கில் ஒரு பருவமாகச் சேராது. முதன்மைக் குழுவில், காயப் பட்டியலில் இருந்தாலும்கூட, முழுச் சம்பளத்துடன் மூன்று ஆட்டங்களுக்காவது இருந்தால்தான் அது ஒரு பருவமாகும். அத்தகைய மூன்று பருவங்கள் சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமையும், ஆட்டத்தை விட்ட பிறகு ஐந்தாண்டு மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். அவர் மூன்று ஆண்டுகள் அணியோடு இருந்திருந்தாலும், கணக்கில் இருப்பவை இரண்டு பருவங்கள் மட்டுமே. இந்த நிலையில் அவர் விலகுவது, ஓய்வூதியத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

எனவே முழங்காலை மருத்துவர் அனுமதிக்கும் பட்சத்தில், எந்த அணி அழைத்தாலும், ஓராண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் அழைத்தாலும், அவர் போவது நல்லது. 2025இல் புதிய ஆட்டக்காரருக்கே ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 8,40,000 டாலர். அனுபவமுள்ளவருக்கு அதைவிட அதிகம். கூட்டாட்சி வரி, சமூகப் பாதுகாப்பு வரிகள், முகவருக்கு 3 விழுக்காடு வரையிலான கட்டணம், வெளியூர் ஆட்டங்களுக்காக அந்தந்த மாநிலம் பிடிக்கும் வரி ஆகியவை போனால், டெக்சஸ் வாசி ஒருவர் கையில் அந்த 8,40,000இல் ஏறத்தாழ 5 லட்சம் நிற்கும். ஆனால் பருவத்தின் நடுவில் விடுவிக்கப்பட்டால் ஆடிய வாரங்களுக்கு மட்டுமே சம்பளம் என்பதால், முழுத் தொகையையும் எதிர்பார்த்து எதையும் வாங்க வேண்டாம். மூன்று ஆட்டங்கள் கிடைத்தாலே அந்தப் பயணத்தின் முதன்மையான பலன் கைக்கு வந்துவிடும். மருத்துவர் அனுமதிக்காவிட்டால் வற்புறுத்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. அப்போது காயத்துக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தைக் காலக்கெடுவுக்குள் கொடுப்பதும், இரண்டு பருவங்கள் முடித்தவர்களுக்கு ஒருமுறை தரப்படும் பணிவிலகல் தொகையைக் கேட்டுப் பெறுவதும் முதல் வேலை. மருத்துவக் காப்பீட்டுக்குத் திருமணத்துக்குப் பின் உங்கள் மகளின் வேலையிடத் திட்டமே போதும்.

மீண்டும் அணியில் சேர்ந்தால், வீரர்களுக்கான 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் அனுமதிக்கப்பட்ட முழுத் தொகையையும் அவர் போட வேண்டும். தகுதி பெற்ற ஆட்டக்காரர் போடும் ஒவ்வொரு டாலருக்கும், ஒரு வரம்பு வரை, அணி இரண்டு டாலர் போடுகிறது. இப்படி ஒரு திட்டம் என் வாடிக்கையாளர்களில் எவருக்கும் வாய்த்ததில்லை. வாய்த்த ஒருவர் அதைத் தவறவிட்டால் எனக்கே மனம் கேட்காது.

இப்போது கையிருக்கும் 6 லட்சத்துக்கு வருவோம். உங்கள் மகளுக்கு நல்ல சம்பளம் இருப்பதால், மருமகன் தம் பங்காகத் தர வேண்டிய குடும்பச் செலவுக்கும், பட்டப்படிப்பு முடியவில்லை என்றால் அதை முடிப்பதற்கும் ஆண்டுக்கு 60,000 டாலர் என்று வைக்கிறேன். ஹைஸ்மித்துக்கு நேர்ந்த ஏழாண்டு இடைவெளியையே அளவாகக் கொண்டால் 4,20,000 ஆகிறது. இந்தத் தொகையை ஒவ்வோராண்டும் ஒரு பகுதி முதிர்வடையும்படி அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் அடுக்கி வைக்கலாம். வேலை சீக்கிரம் கிடைத்தால் மிச்சப்படும் பணம் அவருடைய முதுமைக்குச் செல்லட்டும். எஞ்சிய 1,80,000இல் ஒரு லட்சத்தைக் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், குறைந்த கட்டணமுள்ள குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மீதி 80,000 வங்கிச் சேமிப்பில் இருக்கட்டும். இடம் நிலைபெற்ற பிறகு நாலு லட்சம் டாலர் வீடு ஒன்றுக்கு அது 20 விழுக்காடு முன்பணமாகும். ஹியூஸ்டன் பகுதியில் வீட்டு வரியே வீட்டின் மதிப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடு வரை போகிறது என்பதால், ஐந்தரை லட்சம் டாலர் வீட்டுக்குக் கடனே இல்லாவிட்டாலும் ஆண்டுக்குப் பதினோராயிரம் டாலர் அளவுக்கு வரி, அதற்கு மேல் புயல், வெள்ளக் காப்பீடு என்று செலவு நிற்காது.

ஒரு சொல் தனியாக உங்களுக்கு. டெக்சஸ் சட்டப்படி, திருமணத்துக்கு முன் அவர் தம் பணத்தில் வாங்கும் வீடு அவருடைய தனிச் சொத்து. அதனால் இந்த முடிவில் உங்கள் மகள் பேசலாம். நீங்கள் பேசும்போது சற்று அளவோடு பேசுவது உறவுக்கு நல்லது.

நிர்வாகக் கனவை அவர் கைவிட வேண்டியதில்லை. முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஸ்கவுட் வேலையைக் கற்றுத்தரும் நன்-வூட்டன் பயிற்சித் திட்டத்தை என்எஃப்எல்லே நடத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், இந்த வாரமே, தம் கணக்கில் எத்தனை பருவங்கள் பதிவாகியுள்ளன என்பதை வீரர்கள் சங்கத்திடமிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் வரும்வரை வீட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.