78,000 ரூபாய் ரிப்பேர் பில்: 2011 மாடல் காரைச் சரி செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார், 1,08,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மெக்கானிக் கொடுத்த பட்டியல்: கிளட்ச் செட் 11,000, லோயர் ஆர்ம், புஷ் வகையறா 14,000, ரேடியேட்டரும் ஹோஸ்களும் 8,000, பிரேக் வேலை 7,000, நான்கு டயர் 16,000, ஏ.சி. கம்ப்ரசர் 22,000. மொத்தம் 78,000. விற்றால் 1,10,000 தாண்டாது. ஏற்காட்டில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க அடிக்கடி மலை ஏற வேண்டும். செலவு செய்யலாமா, வண்டியை மாற்றிவிடலாமா? ஏ.சி. கட்டாயம் போடத்தான் வேண்டுமா?

பதில்:

சரி செய்யுங்கள். ஆனால் அந்த 78,000-ஐ அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் வண்டியின் அடிப்பக்கத்தை, பாடித் தகடு வேலை செய்யும் ஒரு நல்ல டிங்கரிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினால், நான் கீழே எழுதியிருப்பது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

நான் மெக்கானிக் இல்லை. செவ்வாய்பேட்டையில் லாரி வைத்திருப்பவர்கள் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் வழியில் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் இருப்பதால் எங்கள் காரும் மலைக்கும் ஊருக்குமாக ஓடித் தேய்ந்த வண்டிதான். நீங்கள் கேட்கும் இதே கேள்வியை லாரிக்காரர்கள் வருடா வருடம் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவர்கூட ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது சரி. விபத்தில் சிக்கிய வண்டியைச் சரி செய்யும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்த வண்டியை ஓட்டுகிற வேலை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. 1,10,000 என்பது வண்டியைக் கைகழுவும்போது கிடைப்பது. வைத்து ஓட்டப்போகிறவர் பார்க்க வேண்டியது, இந்த வண்டி இல்லாவிட்டால் இன்னொரு வண்டிக்கு வருடத்துக்கு எவ்வளவு போகும் என்பதைத்தான்.

போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை 6 லட்சம் உள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே 78,000 ரூபாய். உங்கள் பில் தொகையும் அதேதான், தற்செயலாக. 5 லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 5 வருடம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 10,380. வட்டி மட்டும் 1,22,000-க்கு மேல். காப்பீட்டு அட்டவணைப்படி ஐந்தாம் வருட முடிவில் காரின் மதிப்பு பாதி, அதாவது 3 லட்சம் கரைந்திருக்கும். மூன்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் பெட்ரோல் போடுவதற்கு முன்பே வருடத்துக்கு ஒரு லட்சம் வந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதால் புது வண்டி விலை குறைந்தது உண்மைதான். குறைந்த பிறகும் கணக்கு சரி செய்கிற பக்கம்தான் சாய்கிறது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் போட்டதால்தான் பயமுறுத்துகிறது. டயரும் பிரேக்கும் வண்டிக்கு வயதானதால் வந்த செலவு அல்ல. மூன்று வருட வண்டியாக இருந்தாலும் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அந்த 23,000-ஐ தனியாக எடுத்து வையுங்கள். கிளட்ச்சும் மலை ஏறுகிற வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கியிருக்கிறது என்றால், ஓட்டியவரைப் பாராட்ட வேண்டும். ஏ.சி. சௌகரியம், அதைக் கடைசியில் பார்ப்போம். வயதுக்கென்று வண்டி கேட்பது சஸ்பென்ஷனும் (லோயர் ஆர்ம், புஷ் வகையறா) ரேடியேட்டரும் மட்டும்தான்: 22,000.

லாரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொல்வார்: "ரிப்பேர் செலவு வண்டியைக் கொல்லாதும்மா, நின்ன நாள்தான் கொல்லும்." பட்டியலில் இருக்கும் தொகையைவிட, கடந்த ஒரு வருடத்தில் வண்டி எத்தனை முறை உங்களை வழியில் நிறுத்தியது என்பதை எண்ணிப் பாருங்கள். தேய்மானச் சாமான் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும், நீங்கள் ஒரு நாள் குறித்து ஒர்க்ஷாப்பில் விடலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிற வண்டி வேறு ஜாதி: வயரிங் கோளாறு, என்ஜினின் ஹெட் கேஸ்கெட் போய், அதைக் குளிர்விக்கும் கூலன்ட் காணாமல் போவது, ஒரு முறை சரி செய்ததே மறுபடி வருவது. அப்படி இருந்தால் 22,000 கூடப் போடாதீர்கள். ரேடியேட்டர் மாற்றச் சொல்லியிருப்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: என்ஜின் எப்போதாவது சூடேறி நின்றதா? நின்றிருந்தால் முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் போட்டு ஒரு மாதத்தில் ஹெட்டைக் கழற்றுவது இரட்டைச் செலவு.

நம் ஊரில் இருப்பதால் ஒரு வசதி. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரித் தொழில் என்பதால் லேத், ரேடியேட்டர் வேலை, வெல்டிங், டிங்கரிங் எல்லாவற்றுக்கும் கைதேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள். புதுசுதான் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் கழற்றி, சரி செய்து மாட்டிக் கொடுத்துவிடுவார். அதனால் அந்தப் பட்டியலை இரண்டாவது ஒர்க்ஷாப் ஒன்றிலும் காட்டுங்கள். பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு இடத்தில் எங்கள் வண்டிக்கு முழு ஸ்டீரிங் ராக் மாற்றச் சொன்னார்கள். இன்னொருவர் வெறும் புஷ்ஷோடு முடித்தார். வண்டி அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியது.

பிரேக்கில் மட்டும் பேரம் வேண்டாம். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டர் இறங்குகிறீர்கள். இறங்கும்போது வண்டியின் எடை தருகிற வேகத்தை எங்காவது கரைக்க வேண்டும். ஒன்று என்ஜின் இழுத்துப் பிடிக்கும், இல்லாவிட்டால் பிரேக் சூடாகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இதற்காகத்தான். பலர் மறப்பது பிரேக் ஆயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். அந்தச் சூட்டில் ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஊருக்குள் ஐந்து ரோட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் ஓடுகிற வண்டியில் இது தெரியவே தெரியாது. அடிவாரத்துக்கு நாலு வளைவு இருக்கும்போது தெரியும். அந்த 7,000-இல் ஆயில் மாற்றுவது இருக்கிறதா என்று கேளுங்கள். பேட் மட்டும் மாற்றிவிட்டு ஆயிலை விட்டுவிடுவது சகஜம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும், பெரிய செலவில்லை.

டிங்கரிடம் காட்டச் சொன்னதற்குக் காரணம் துரு. சின்ன கார்களுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, ஷாக் அப்சார்பர் மேலே மாட்டியிருக்கும் இடம், கால் மிதியைத் தூக்கினால் தெரியும் தரை, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறதா? போனால் அந்த வண்டியை விடுங்கள். என்ஜினைப் புதுசாக்கலாம், எலும்பை ஒட்டுப்போட்டு மலை இறக்க முடியாது. சேலத்துக் காய்ந்த வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கடலோர வண்டி அளவுக்குத் துரு ஏறாது. மலை மழையிலும் பனியிலும் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு ஏறும்.

15 வருடம் ஆனால் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது டில்லி வட்டாரத்துச் சங்கதி. இங்கே ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. ஐந்து வருடம் கிடைக்கும். தாமதமானால் மாதம் 500 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். 20 வயதைத் தாண்டினால் கட்டணம் 10,000 என்று 2025-இல் மாற்றிவிட்டார்கள். ஆக, உங்கள் வண்டிக்குக் காகிதத்தில் 2031 வரை இடம் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் காரை 13-ஆம் வயதில் கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் போட்டுச் சரி செய்தோம். அந்தச் செலவு முழுசாக வசூலானது. 15 முடியும்போது மாற்றிவிட்டோம், ரிப்பேருக்குப் பயந்து அல்ல. மகள் ஓட்டக் கற்றுக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்துதான் கட்டாயம், ஏ.பி.எஸ். அதே வருடம் ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. எந்த மெக்கானிக்காலும் இவற்றைப் பட்டியலில் சேர்த்து மாட்ட முடியாது. எனக்குக் கணக்கு அங்கே நின்றுபோனது. உங்கள் வீட்டில் யார் ஓட்டுகிறார்கள், மழையில் இரவில் இறங்க வேண்டி வருமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மாற்றுவதாக முடிவெடுத்தாலும் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2019-க்குப் பிந்தைய செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முதல் சில வருட மதிப்புச் சரிவையும் ஆயுள் வரியையும் முந்தைய உரிமையாளர் கட்டிவிட்டிருப்பார். கம்பெனி இன்னும் இந்தியாவில் விற்கிற மாடலாகப் பாருங்கள். செவ்ரோலே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் மலிவாகக் கிடைக்கலாம், சாமானுக்கு அலைய உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதானால் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேருங்கள்: பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. வெடித்திருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஏ.சி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே போக அது தேவையே இல்லை, ஏப்ரல் மே மாதச் சேலத்துக்குத் தேவை. ஆனால் இந்த வாரமே வேண்டியதில்லை. பிரேக், டயர், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், கிளட்ச் முடித்து ஆர்.சி.யும் புதுப்பித்த பிறகு வண்டியை வைத்துக்கொள்ளும் மனம் உறுதியாக இருந்தால் போடுங்கள். கம்ப்ரசர் மாற்றுவதற்கு முன் கேஸ் எங்கே கசிகிறது, கம்ப்ரசரிலேயே இருக்கும் கிளட்ச் காயில் மட்டும் போயிருக்கிறதா என்று தனி ஏ.சி. மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். காயில்தான் போயிருந்தால் 22,000 எல்லாம் ஆகாது.