விளக்கைத் தாழ்த்திக் காதைத் தீட்டுங்கள்: ரக்கூன் வேட்டைக்கு முதன்முறை போகிறவருக்கு

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குத் தெற்கே இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எச்1பி விசா. பக்கத்துப் பண்ணைக்காரர் நவம்பரில் தன் நாய்களோடு இரவு ரக்கூன் வேட்டைக்கு வரும்படி கூப்பிடுகிறார். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வளையம் வளையமான வாலும் கொண்ட, மரமேறும் இந்த ரக்கூன்கள் அவருடைய சோளக்கொல்லையை நாசமாக்கியதை நானே பார்த்தேன். ஊரில் இருந்தபோதுகூட நான் வேட்டைக்குப் போனதில்லை. துப்பாக்கி எடுக்கலாமா? என்ன கொண்டு போக வேண்டும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: துப்பாக்கி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இல்லாதவரை, நாயைக் கட்டுவதற்காக நண்பர் "ஒரு நிமிஷம் பிடிங்க" என்று நீட்டும் துப்பாக்கியைக்கூட வாங்காதீர்கள். விசாவுக்கே வினையாகலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சுடப்போவதில்லை, சும்மா கூடப் போகிறேன் என்றாலும் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் மிக அகலம். விலங்கைத் துரத்துவது, தடம் பிடித்துப் போவது, அப்படிப் போகிறவருக்கு உதவுவது எல்லாமே வேட்டைதான், எதுவும் சாகாவிட்டாலும். சாதாரண உரிமத்தோடு, ரோமத்துக்காக வேட்டையாடப்படும் விலங்குகளுக்கென்று தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். முதன்முறை எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயிலுநர் உரிமம் வாங்கிக்கொண்டு, 21 வயதுக்குக் குறையாத உரிமதாரர் ஒருவருடன் போகலாம். இன்னொருவர் நிலத்தில் நுழைய உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை, அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கவும் வேண்டும். நாய்க்கு வேலி தெரியாது, எனவே சுற்றியுள்ள எந்தெந்த நிலங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பண்ணைக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இருட்டில் போகிறவர் கால் மைல் தூரத்துக்குத் தெரியும் வெள்ளை விளக்கை எரியவிட்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. பருவம் வழக்கமாக நவம்பர் 10 முதல் ஜனவரி 31 வரை. அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

உரிமம் கிடைத்தாலும் முதல் சில இரவுகள் வெறுங்கையோடு போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. காரணம், இது காதால் ஆடும் வேட்டை. நான் முதன்முறை போனபோது தலைவிளக்கைக் காட்டில் அங்குமிங்கும் அடித்துக்கொண்டே இருந்தேன். கூட வந்த பெரியவர் தோளைத் தொட்டு, "வெளிச்சத்தைத் தரையில் வை, காதை அங்கே வை" என்றார். ஒரு மணி நேரத்தில் எனக்கு வேறொரு காடு திறந்தது.

நாயை அவிழ்த்துவிட்ட பிறகு பத்து நிமிடம், சில நேரம் அரை மணி, ஒன்றுமே நடக்காது. பிறகு எங்கோ ஓடைக்கரையில் ஒரு குரல். தடம் கிடைத்துவிட்டது என்று நாய் சொல்லும் முதல் குரைப்பு அது. ரக்கூன் போய் வெகுநேரமாகி வாசம் ஆறிப்போன தடமாக இருந்தால், விட்டுவிட்டு நீளமான ஊளையாக வரும். வாசம் சூடாகச் சூடாக இடைவெளி குறைந்து குரல் நெருங்கும். திடீரென்று ஓட்டம் நிற்கும். ஒரு நீண்ட ஓலம், இரண்டு, மூன்று. துரத்தப்பட்ட ரக்கூன் ஏறிக்கொண்ட மரத்தை நாய் கண்டுபிடித்துவிட்டது. அதன் பிறகு குரலே மாறிப்போகும். ஒரே இடத்திலிருந்து, தறியடிப்பது போலச் சீராக, நிற்காமல் குரைக்கும். முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி, முகத்தை மேலே தூக்கி, நாம் போய்ச் சேரும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனங்கள் இவை: டிரீயிங் வாக்கர், புளூடிக், ரெட்போன், பிளாக் அண்ட் டான், இங்கிலிஷ், பிளாட். பிளாட் இனம் வட கரோலினாவின் மாநில நாய். பண்ணைக்காரரின் நாய்கள் எந்த இனம், எதன் குரல் எப்படி இருக்கும் என்று போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். அதைப் பற்றிப் பேச அவருக்கு அலுக்கவே அலுக்காது.

ரக்கூன் லேசுப்பட்ட விலங்கல்ல. ஓடைக்குள் இறங்கி நடந்து தடத்தைக் கழுவிவிடும். மர வேலியின் மேல் கட்டையில் ஏறி நூறடி போகும். ஒரு மரத்தில் பாதிவரை ஏறி, பக்கவாட்டில் குதித்து, வேறு பக்கம் ஓடும். இளம் நாய் அங்கேயே நின்று வெறும் மரத்தைப் பார்த்துத் தொண்டை வற்றக் குரைக்கும். தப்பான மரத்தைப் பார்த்துக் குரைப்பது என்று ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர் இந்த வேட்டைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். தேர்ந்த நாய் மரத்தை ஒரு வட்டம் சுற்றி, இறங்கிப்போன தடம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே குரலை மாற்றும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நேர்மையான உழைப்பு அது.

எந்த இரவு நல்லது? பல நாள் குளிருக்குப் பிறகு சற்றே வெதுவெதுப்பாகி, தரை ஈரமாக, காற்றில்லாமல் இருக்கும் இரவு. ஈரத்தில் வாசம் தங்கும், காற்றில்லாதபோது குரல் தூரம் கேட்கும். கடுங்குளிரில் ரக்கூன் பொந்தை விட்டு வெளியே வராது. முழுமையான குளிர்கால உறக்கம் இல்லை, சோம்பிப் படுத்திருக்கும். ஜனவரிக் கடைசியில் இனச்சேர்க்கைக் காலம் தொடங்கிவிடுவதால் ஆண் ரக்கூன்கள் பனியிலும் அலையும். முழுநிலா இரவில் ரக்கூன் நடமாடாது என்று பலர் சொல்வார்கள். நிலவில் நல்ல வேட்டையையும் இருட்டில் வெறும் இரவையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் நிலாவைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். இடம் என்றால் சோளம் அறுத்த வயலின் ஓரம், ஓக் மரங்களின் கீழ் கொட்டை கொட்டிக் கிடக்கும் சரிவு, கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால் கிடைக்கும் ஓடை. தின்ன வரும் இடமும் பொந்து மரமும் ஓடையால் இணைந்திருந்தால் அதைவிட நல்ல காடு வேண்டாம்.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மிகுந்த நிதானம் வேண்டும். முதல் வேலை நாய்களைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவது. பிறகு மரத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, கிளை கிளையாக வெளிச்சம் பாய்ச்சுங்கள். வெள்ளை ஒளி கண்ணில் குத்தினால் ரக்கூன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் சிவப்பு அல்லது மஞ்சள் ஒளியில் தேடுவார்கள். பார்த்துவிட்டால் இரண்டு கண்ணும் தணல்போல மின்னும். கண் தெரியாவிட்டால், ரக்கூன்கள் சண்டை போடுவது போலக் கீச்சிடும் ஓர் ஊதுகுழலை ஊதுவார்கள், அது எட்டிப் பார்க்கும். பொந்துக்குள் போய்விட்டதா? அப்படியானால் அந்த இரவு அதற்குத்தான் வெற்றி. நாய்களைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மரத்தில் ஏறவோ வெட்டவோ யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பொந்துள்ள முதிய மரம் போனால் அடுத்த தலைமுறைக்கு வீடு இல்லை.

சுடுவதாக இருந்தால் பெரும்பாலும் பாயிண்ட் 22 துப்பாக்கிதான். சின்னத் தோட்டா என்று இளக்காரமாக எண்ண வேண்டாம், அது ஒன்றரை மைல்வரை போகக்கூடியது. மேல்நோக்கிச் சுடும்போது பின்னால் தடித்த அடிமரமோ பெருங்கிளையோ இருக்க வேண்டும். வெறும் வானத்தை நோக்கிச் சுடக் கூடாது. அந்தத் திசையில் வீடு இருக்கிறதா என்பது பகலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர்தான் சுட வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால். அடிபட்டு உயிரோடு விழும் ரக்கூன் நாயின் காதையும் மூக்கையும் கிழித்துவிடும். எனவே ஒரே தோட்டாவில் முடியும் என்ற உறுதி இல்லாவிட்டால் சுடாமல் இருப்பதே மரியாதை.

உண்மையில் இன்று பலர் சுடுவதே இல்லை. 1970களில் ரக்கூன் தோலுக்கு நல்ல விலை இருந்தது, இப்போது தோலை உரிக்கும் உழைப்புக்குக்கூடக் கட்டுவதில்லை. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான யுனைட்டெட் கென்னல் கிளப் நடத்தும் இரவுப் போட்டிகளிலும் ரக்கூனைக் கொல்வதில்லை. முதலில் தடம் அறிவிக்கும் நாய்க்கு 100 புள்ளி, முதலில் மரம் அறிவிக்கும் நாய்க்கு 125, பிறகு ரக்கூனைப் பார்த்துவிட்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த நாய்களின் மேல் அவர்களுக்கு இருக்கும் பாசத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அலபாமாவில் டஸ்கம்பியா ஊருக்கு அருகே, 1937 செப்டம்பர் 4 அன்று ஒருவர் தன் வேட்டைநாயை வழக்கமாக முகாமிடும் இடத்திலேயே புதைத்தார். இன்று அங்கே ரக்கூன் வேட்டைநாய்களுக்கு மட்டுமேயான இடுகாடு இருக்கிறது.

உடை, சாமான் பற்றிச் சுருக்கமாக: முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முள் கிழிக்காத தடித்த கால்சட்டை, கிளை கண்ணில் அடிக்காமல் நிறமில்லாத கண்ணாடி, தலைவிளக்கு ஒன்று, கட்டாயம் இன்னொன்று. நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கும், அதன் கருவியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாய் தார்ச்சாலையை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால் வேட்டையை விட்டுவிட்டு முதலில் அதை நிறுத்த ஓடவேண்டும். ஆழமான குளமும் அப்படித்தான். தண்ணீரில் ரக்கூன் நாயின் தலைமேல் ஏறி அமுக்கி மூழ்கடித்துவிடும்.

நோய் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெறிநோயைப் பரப்பும் முக்கிய விலங்கு ரக்கூன். 1970களில் வேட்டைக்காகத் தெற்கிலிருந்து ரக்கூன்களைப் பிடித்து வந்து மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா எல்லைப்பக்கம் விட்டதில்தான் அந்நோய் வடக்கே பரவியது. வேட்டைக்காரர்கள் செய்த அந்தத் தவறுக்கு இன்றும் விலை கொடுக்கிறோம். கடித்தாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். தள்ளாடும், மனிதரைக் கண்டு பயப்படாத ரக்கூனின் அருகில் போகாதீர்கள். வெறிநோயாகவும் இருக்கலாம், நாய்களுக்கும் தொற்றும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். இன்னொன்று வட்டப்புழு. ரக்கூன்கள் ஒரே இடத்தில், பெரும்பாலும் மரத்தடியிலோ விழுந்த மரத்தின் மேலோ, மலம் கழிக்கும். அதில் உள்ள புழுமுட்டைகள் மனித மூளைவரை போகக்கூடியவை, பிளீச்சிங் போட்டாலும் சாகாது, கொதிநீர்தான் வேண்டும். அதனால் கையுறை அணியுங்கள், அந்தக் கையால் எதையும் தின்னாதீர்கள், பூட்ஸை வாசலுக்கு வெளியிலேயே விடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதை இரண்டு மடங்கு கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேட்டைக்காரர்கள் ரக்கூனைச் சுருக்கி 'கூன்' என்பார்கள். அதே சொல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாகவும் நெடுங்காலம் பயன்பட்டது. காட்டில் கேட்ட பழக்கத்தில் மறுநாள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். முழுதாக ரக்கூன் என்றே சொல்லுங்கள்.

கடைசியாக அந்தச் சோளக்கொல்லை. சோளம் பால்பிடிக்கும் ஜூலை, ஆகஸ்டில் வேட்டைப் பருவம் இல்லை. நவம்பரில் நாலைந்தைப் பிடித்தாலும் அடுத்த கோடைக்குள் வேறு ரக்கூன்கள் அந்த இடத்தைப் பிடித்துவிடும். கொல்லையைக் காப்பதற்கு மின்வேலிதான் வழி: தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒரு கம்பி, பன்னிரண்டு அங்குலத்தில் இன்னொன்று. கதிர் முற்றுவதற்கு ஒரு வாரமாவது முன்பே மின்சாரம் ஓடவேண்டும், புல் கம்பியைத் தொடாதபடி வெட்டிவிட வேண்டும். ருசி கண்ட ரக்கூனைத் தடுப்பது கடினம். கோடையில் அந்தக் கம்பியை இழுக்க அவருக்கு ஒரு கை கொடுங்கள்.