கொழகொழத்த பாட்டிலும் கறுத்த முட்டைக்கோசும்

அன்புள்ள ஐயா,

சாஸ் பாட்டிலில் ‘சாந்தன் கம், 415’ என்று போட்டிருந்தது. பாக்டீரியா உண்டாக்கும் பாலிமராம். கெட்டுப்போன குளிர்பானத்தில் தற்செயலாகக் கிடைத்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? இதெல்லாம் அதிர்ஷ்டத்தில்தான் கிடைக்கிறதா?

சுமதி, திருச்சி

அன்புள்ள சுமதி,

காணொளிக்காரர் இரண்டு கதைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டார். குளிர்பானத்தில் கிடைத்தது டெக்ஸ்ட்ரான், சாந்தன் அல்ல. இரண்டு கதையிலும் வருபவர் ஒருவர்தான்: அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் அலீன் ஜீன்ஸ்.

உள்ளூர் ரூட் பீர் கம்பெனி ஒன்று (பெயரில்தான் பீர்) சரக்கு கொழகொழத்துவிட்டதே என்று ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பியது. உள்ளே, சர்க்கரையை நீளச் சங்கிலியாகக் கோக்கும் லியூகோனோஸ்டாக் பாக்டீரியா. அந்தச் சங்கிலிதான் டெக்ஸ்ட்ரான். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் கிடந்தால் அதில் புகுந்து சர்க்கரையைக் கெடுப்பதும் இதே ஆசாமிதான். ஜீன்ஸுக்கோ டெக்ஸ்ட்ரான் ஏற்கெனவே தேவைப்பட்டிருந்தது. அதனால் கம்பெனியின் தலைவலி அவருக்குப் புதையல் ஆயிற்று. பின்னால் கொரியப் போரில், ரத்தம் இழந்த வீரர்களின் உடம்பில் ரத்தத்தின் அளவு குறையாமல் காக்க டெக்ஸ்ட்ரான் ஏற்றினார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சாந்தனை அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வகம் ஏராளமான நுண்ணுயிர்களை எண் போட்டுச் சேமித்து வைத்திருந்தது. 1950களில் ஜீன்ஸ் குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாக வளர்த்து, எது உருப்படியான பிசின் தருகிறது என்று பார்த்தார்கள். சலிப்பான வேலை, காணொளிக்கு ஏறாது. அதில் தேறியது பி-1459, சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ். முட்டைக்கோசில் கருப்பழுகல் நோய் கொண்டுவருவது அதுதான். இலையின் ஓரத்தில் ‘வி’ வடிவில் மஞ்சள் படர்ந்து நரம்புகள் கறுத்துப்போகும்.

பாக்டீரியாவுக்கு அந்தப் பிசின், அதாவது சாந்தன், ஒரு போர்வை. நமக்குப் பயன்படுவது அதன் இன்னொரு குணம். சும்மா இருக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாக நிற்கும். குலுக்கினால் ஓட்டத்தின் திசையில் வரிசையாகி இளகும். விட்டால் மறுபடி கெட்டி. சாஸ் வழிவதும் தட்டில் ஓடாமல் நிற்பதும் அதனால்தான். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே விடும் சேற்றிலும் இதைக் கலக்கிறார்கள். துளையிட்ட கல்தூளை அடியில் தங்கவிடாமல் மேலே கொண்டுவர வேண்டுமே!

அப்புறம், அந்த 415. உணவில் சேர்க்கும் பொருள்களுக்குத் தரும் எண்களில் சாந்தனுக்கு உரியது அது. அமெரிக்காவில் 1969இலேயே உணவில் சேர்க்க அனுமதித்துவிட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் பொடி வாங்கி வீட்டில் முயன்றால் நேராகத் தண்ணீரில் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டினேன். வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த பொடி, குலாப் ஜாமூன் மாதிரி உருண்டைகள். முதலில் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துக்கொண்டால் சரியாகக் கரைகிறது.